செவிலியம் படிக்காதவர் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது: அமெரிக்கப் பாதைகளும் அவற்றின் விலையும்

உளவியலில் இளங்கலை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பவர், பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் எடுத்துச் சலித்தவர், சமூகப் பணித் துறையில் சம்பளம் போதாதவர், மென்பொருள் வேலையை உதறிவிட நினைப்பவர். அமெரிக்காவில் இவர்கள் எல்லோரும் இன்று ஒரே கேள்வியோடு கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகங்களை அணுகுகிறார்கள்: செவிலியர் படிப்பின் வாசலையே மிதிக்காத நான் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் ஆக முடியுமா?

முடியும். முன்தேவைப் பாடங்கள் கையில் இருந்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் முடியும். சட்டம் அனுமதிக்கிறது, பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன, வேலையும் கிடைக்கிறது. துறைக்குள் நடக்கும் சண்டை வேறொன்றைப் பற்றியது. நோயாளியின் பக்கத்தில் நின்று கற்க வேண்டிய காலத்தை இந்தப் பாதைகள் சுருக்குகின்றன. சுருக்கிய காலத்தின் கணக்கைப் பிறகு யார் தீர்ப்பது? மாணவரா, வேலை கொடுப்பவரா, நோயாளியா? இதுவரை வந்திருக்கும் சான்றுகளையும் வாதங்களையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்ப்பது பயனுள்ளது.

பணியும் தேவையும்

மனநல நர்ஸ் பிராக்டிஷனர் நோயாளியை நேர்காண்கிறார், நோயைக் கணிக்கிறார், மருந்து எழுதுகிறார், பயிற்சி இருந்தால் உளச்சிகிச்சையும் அளிக்கிறார். வெளிநோயாளிப் பிரிவில் மனநல மருத்துவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான். மருத்துவராக அதே நாற்காலியில் உட்கார வேண்டுமானால் இளங்கலைக்குப் பிறகு மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டுகள், அதன் பின் மருத்துவமனைப் பயிற்சியில் 4 ஆண்டுகள். முப்பது வயதைத் தாண்டித் துறை மாற நினைப்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

தேவைக்கும் குறைவில்லை. மனநலச் சிகிச்சையாளர் பற்றாக்குறை உள்ளதாக மத்திய அரசு வகைப்படுத்தியிருக்கும் பகுதிகளில் 12 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தரவுகளை ஆராய்ந்து 2022இல் ‘ஹெல்த் அஃபேர்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, 2011க்கும் 2019க்கும் இடையில் அந்தக் காப்பீட்டாளருக்குச் சிகிச்சை தரும் மனநல நர்ஸ் பிராக்டிஷனர்களின் எண்ணிக்கை 162 சதவீதம் உயர்ந்ததையும், மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை 6 சதவீதம் குறைந்ததையும் காட்டியது. பல கிராமப்புற மாவட்டங்களில் மனநோய்க்கு மருந்து எழுத இவர்களை விட்டால் ஆளில்லை. எல்லாப் பிரிவு நர்ஸ் பிராக்டிஷனர்களையும் சேர்த்து 2023இல் இடைநிலை ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 1,26,000 டாலர் என்கிறது தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம். மனநலப் பிரிவு அந்த வரிசையில் மேல்பாதியில் இருப்பதாகவே துறையினர் பேசிக்கொள்கிறார்கள்.

வெளியாருக்கு வாசல் திறந்த வரலாறு

“இப்போதுதான் கண்டவர்களையும் உள்ளே விடுகிறார்கள்” என்று மூத்த செவிலியர்கள் சிலர் குறைபடுவது உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மாசச்சூசெட்ஸின் மக்லீன் மனநோய் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி 1882இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946இல் வந்த தேசிய மனநலச் சட்டம் மனநலச் செவிலியர் கல்விக்கு அரசுப் பணத்தைக் கொண்டுவந்தது. நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையிலான உறவே சிகிச்சை என்று வாதிட்ட ஹில்டகார்ட் பெப்லாவின் நூல் 1952இல் வெளியானது. மருத்துவர் ஒருவரை இணை ஆசிரியராகச் சேர்க்காமல் செவிலியர் மட்டும் புத்தகம் எழுதுவதா என்ற தயக்கத்தில் அது சில ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. பின்னர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலியத்துக்கான முதுநிலைப் படிப்பை அவர் உருவாக்கினார். இன்றைய மனநல நர்ஸ் பிராக்டிஷனரின் மூதாதை அந்தப் படிப்பில் வெளிவந்த சிறப்புச் செவிலியர்தான்.

மருந்து எழுதும் கிளை வேறிடத்தில் முளைத்தது. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவர் எட்டிப் பார்க்காத ஊர்களின் குழந்தைகளுக்காக அது ஏற்பட்டது. இரு கிளைகளும் பிற்பாடு இணைந்தன. உயர்நிலைச் செவிலியப் பணிகளுக்கான 2008ஆம் ஆண்டின் பொது ஒப்பந்த மாதிரி, குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதினரின் மனநலத்தையும் ஒரே பிரிவாக வகுத்தது.

வேறு துறைப் பட்டதாரிகளை நேரடியாகச் சேர்த்துக்கொள்வதும் பழைய வழக்கமே. செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971இல் அவர்களுக்கு விரைவு இளங்கலைச் செவிலியப் படிப்பைத் தொடங்கியது. யேல் 1974இல் ஒரு படி மேலே போய், வரலாறோ இலக்கியமோ படித்தவரை நேராக முதுகலைச் செவிலியத்துக்குள் எடுத்துக்கொண்டது. ஆக, வெளியார் நுழைவுக்கு அரை நூற்றாண்டு வயது. சேரும் எண்ணிக்கையும், படிப்பு இணையத்துக்கு மாறியதும்தான் புதியவை.

மூன்று வாசல்கள், ஒரே நடை

இன்று வழக்கிலுள்ள வழிகள் மூன்று.

முதலாவது, விரைவு இளங்கலை. ஏற்கெனவே ஏதோ ஒரு பட்டம் வைத்திருப்பவர் 11 முதல் 18 மாதங்களில் செவிலியத்தில் இரண்டாவது இளங்கலை பெறுகிறார். உரிமத் தேர்வு எழுதிப் பதிவுச் செவிலியராகிறார். விரும்பினால் வேலைக்குப் போய்க்கொண்டே மனநல முதுகலையைத் தொடர்கிறார்.

இரண்டாவது, நேரடி முதுகலை. யேல் மாதிரியில் முதலாண்டு முழுக்க அடிப்படைச் செவிலியம், அடுத்த இரண்டாண்டுகள் மனநலச் சிறப்புப் படிப்பு. சேரும்போதே சிறப்புப் பிரிவு உறுதியாகிவிடுகிறது. சில கல்லூரிகள் இந்தக் கட்டமைப்பை மாற்றிவிட்டன. கொலம்பியாவில் வெளித்துறைப் பட்டதாரி முதலில் 15 மாதப் பொது முதுகலை முடித்து உரிமம் பெற வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனராக விரும்பினால் அதன்மேல் முனைவர் நிலையிலான டி.என்.பி.

மூன்றாவது வழி மெதுவானது, மலிவானது. அருகிலுள்ள சமூகக் கல்லூரியில் இரண்டாண்டு இணைப் பட்டம், பதிவுச் செவிலியர் வேலை, அந்த மருத்துவமனையின் கல்வி உதவித்தொகையில் முதுகலை. பெருமை பேச ஏதுமில்லாத பாதை என்பதால் இதைப் பற்றி விளம்பரம் வருவதில்லை. கடன் மிகக் குறைவாகச் சேர்வது இதில்தான்.

மூன்றிலும் கடக்க வேண்டிய கட்டங்கள் ஒன்றே. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், மனித வளர்ச்சி ஆகிய முன்தேவைப் பாடங்கள். கலைப் பட்டதாரிக்கு இவையே ஓர் ஆண்டை விழுங்கும். அதன்பின் பதிவுச் செவிலியருக்கான என்கிளெக்ஸ் தேர்வு. அடுத்து முதுநிலையில் மூன்று தூண் பாடங்கள்: நோய்க்கூற்று உடலியங்கியல், உடல் பரிசோதனை, மருந்தியல். இவற்றோடு உளச்சிகிச்சை முறைகளிலும் பயிற்சி. கடைசியில் அமெரிக்கச் செவிலியர் தகுதிச்சான்று மையத்தின் தேர்வு, மாநில உரிமம், கட்டுப்பாட்டுப் பட்டியல் மருந்துகளை எழுத மத்திய அரசுப் பதிவு.

எல்லா நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் டி.என்.பி. கட்டாயமாகும் என்ற பேச்சு 2004இலிருந்து இருக்கிறது. முதலில் 2015 என்றார்கள், பிறகு 2025 என்றார்கள். இரு கெடுவும் கடந்தும் பெரும்பாலான மாநிலங்களில் முதுகலையே போதுமானதாக இருக்கிறது.

இந்த நடையில் எங்கும் பதிவுச் செவிலியர் உரிமத்தைத் தாண்டிக் குதிக்க வழியில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். “செவிலியம் படிக்காமலே” என்று விளம்பரம் சொல்வதன் பொருள், செவிலியராக வேலை பார்க்காமலே என்பதுதான்.

மனநோய்க்கு உடம்பு எதற்கு?

உளவியலிலிருந்து வருபவர்கள் அடிக்கடி எழுப்பும் எதிர்ப்பு இது: நான் பேசப் போவது மனச்சோர்வைப் பற்றி, எனக்கு எதற்குச் சிறுநீரகமும் நாளமும்? ஒரு சந்திப்பை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி. இருமுனைக் கோளாறுக்குப் பல ஆண்டுகளாக லித்தியம் சாப்பிடுகிறார். இருபது நிமிடக் காணொளிச் சந்திப்பு. பக்கத்தில் மகள். “அம்மாவுக்கு நாலைஞ்சு நாளா கை ரொம்ப நடுங்குது. சாப்பிட்டது நிக்க மாட்டேங்குது. நடந்தா தள்ளாடுறாங்க, பேச்சும் குழறுது” என்கிறாள். பேச்சுச் சிகிச்சையில் மட்டும் ஊறியவருக்கு இது பதற்றமாகவோ நோய் திரும்புவதாகவோ படலாம். மருந்தைக் கூட்டவும் கை நீளலாம். செவிலியப் பயிற்சி உள்ளவர் முதலில் கேட்பது, “புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சாங்களா?” ரத்த அழுத்தத்துக்காக வேறொரு மருத்துவர் போன வாரம் ஹைட்ரோகுளோரோதயசைடு எழுதியிருக்கிறார். முட்டி வலிக்குக் கடையில் ஐபுபுரோஃபென் வாங்கித் தினமும் போட்டிருக்கிறார். இரண்டுமே சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைப்பவை. ரத்தத்தில் லித்தியத்தின் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்குவலன்ட் வரை இருப்பது சிகிச்சை. 1.5ஐத் தாண்டினால் நச்சின் எல்லை. அந்தப் பெண்மணிக்கு வேண்டியது அடுத்த வாரச் சந்திப்பு அல்ல, அன்றே அவசரப் பிரிவு.

இது அபூர்வமான பொறி அல்ல, பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். மனநல மருந்துகள் பலவற்றுக்கும் இப்படி உடம்பில் ஒரு காவல் தேவைப்படுகிறது. க்ளோசபின் கொடுத்தால் வெள்ளணுக்களை எண்ண வேண்டும். லமோட்ரிஜினை அவசரப்பட்டு ஏற்றினால் உயிரைப் பறிக்கும் தோல் வெடிப்பு வரலாம். அதனால்தான் முதல் இரு வாரம் 25 மில்லிகிராம், அடுத்த இரு வாரம் 50 என்று ஏறுகிறார்கள். முதியவரின் திடீர்க் குழப்பம் மனநோயா, சிறுநீர்த் தொற்றா என்று பிரித்தறிய வேண்டும். இடையில் நிற்கும் செவிலியர் உரிமம் வெறும் சுங்கச்சாவடி என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

வெளியிலிருந்து வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவ வன்முறையின் வடுவை இருமுனைக் கோளாறு என்று முத்திரை குத்திவிடாமல் கேட்கத் தெரிந்த சமூகப் பணியாளர், வகுப்பில் அடங்காத சிறுவனைப் பல ஆண்டுகள் பார்த்த ஆசிரியர், அடிமைத்தன மீட்பு இல்லத்தில் இரவுப் பணி செய்தவர் ஆகியோருக்குத் தெரிந்தவை இதய நோய்ப் பிரிவில் பணியாற்றிய செவிலியருக்குத் தெரியாமலிருக்கலாம். மனநலப் பிரிவில் நேரடி நுழைவை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இதுவே.

முதலில் வார்டில் வேலை பார்க்க வேண்டுமா?

துறைக்குள் மிக அதிகமாக அடிபடும் கேள்வி இது. ஒரு தரப்பு, மனநல வார்டில் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது பதிவுச் செவிலியராக இருந்துவிட்டு வா என்கிறது. மறு தரப்பு, பதிவுச் செவிலியர் வேலையும் நோயைக் கணித்து மருந்து எழுதும் வேலையும் வேறு வேறு என்கிறது. முன்னதில் தேர்ந்தவர் பின்னதில் தானாகத் தேர்ந்துவிடுவதில்லை என்பது அவர்கள் வாதம்.

ஆய்வுச் சான்று முதல் தரப்பு எதிர்பார்க்கும் அளவுக்கு அதன் பக்கம் இல்லை. 2005இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு, செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளையும் பின்னாளைய நர்ஸ் பிராக்டிஷனர் திறனையும் ஒப்பிட்டது. நர்ஸ் பிராக்டிஷனர்கள் தங்களுக்குத் தாங்களே இட்ட மதிப்பெண்ணுக்கும் அனுபவத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. உடன் பணியாற்றிய மருத்துவர்கள் இட்ட மதிப்பெண்ணோ அனுபவம் கூடக் கூடக் குறைந்தது. நேரடி நுழைவுக் கல்லூரிகள் இந்த முடிவை ஓயாமல் எடுத்துக்காட்டுகின்றன. ஆனால் சில கல்லூரிகளின் பட்டதாரிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, அதுவும் மனநலத்துக்கென்று நடத்தப்படாதது, இவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்காது. அன்று நேரடி நுழைவில் சேர்ந்தவர்கள் கடும் போட்டியில் தேறி வந்த சிலர். இன்று விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரையும் சேர்த்துக்கொள்ளும் இணையவழிப் படிப்புகளுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

புதியவரின் முதலாண்டு தத்தளிப்பை விவரிக்கும் ஆய்வுகள் இதைவிட உறுதியானவை. 1997இல் பிரவுன், ஒல்ஷான்ஸ்கி இருவரும் நர்ஸ் பிராக்டிஷனர்களின் முதலாண்டைப் பின்தொடர்ந்து, ‘நான் போலி’ என்ற உள்ளச்சமும் கால நெருக்கடியும் அந்த ஆண்டை ஆட்டிப்படைப்பதைப் பதிவு செய்தார்கள். அந்தத் தத்தளிப்பு அனுபவமுள்ள செவிலியர்களையும் விடவில்லை. தேர்ந்த கை மறுபடியும் கற்றுக்குட்டி ஆகும் வேதனை அவர்களுக்குத் தனி.

அப்படியானால் வார்டு என்ன கற்றுத்தருகிறது? புதிதாகச் சேர்க்கப்படுபவரின் காலணிக் கயிறு, இடுப்புப் பட்டை, சட்டையின் தொப்பிக் கயிறு எல்லாவற்றையும் உருவி உறையிலிட்டுப் பெயரெழுதுவதில் அங்கே வேலை தொடங்குகிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் அறையாகப் போய், போர்வைக்குள் மூச்சு அசைகிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். குரல் ஏறுவதற்கு முன்பே, ஒருவர் நடைபாதையில் நடக்கும் வேகம் மாறியதை வைத்து அறையின் காற்று கெடுவதை உணரும் காதும் கண்ணும் இங்கேதான் வளர்கின்றன. ஹாலோபெரிடால் 5, லொராசெபாம் 2, டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் என்ற ஊசிக் கூட்டுக்கு வார்டு மொழியில் ‘பி-52’ என்று பெயர். அதைப் போட்டபின் ஒரு மனிதர் எப்படிச் சரிகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், பிற்பாடு அதை எழுதக் கையெடுக்கும்போது யோசிப்பார். இதைக் கற்க ஆண்டுக்கணக்கில் பதிவுச் செவிலியராக இருக்க வேண்டுமென்பதில்லை. படிக்கும்போதே மனநல உதவியாளராக வார இறுதி இரவுகளில் வேலை செய்பவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் எங்கேயும் கற்காமல் இருந்துவிட முடியாது.

மணிக்கணக்கின் சிக்கல்

வார்டு அனுபவத்தைப் பற்றிய சண்டை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அதைவிடப் பெரிய குறை அடியில் கிடப்பதுதான். தகுதிச்சான்றுத் தேர்வு எழுத நெடுங்காலமாகக் கேட்கப்பட்டது 500 மணி நேர மேற்பார்வையிலான மருத்துவப் பயிற்சி. 2022இல் வெளியான தேசியத் தர நெறிகள் அதைக் குறைந்தது 750 ஆக உயர்த்தின. வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் போனால் ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும் கணக்கு இது. மனநல மருத்துவரின் நான்காண்டுப் பயிற்சியை வாரத்துக்கு 50 மணி நேரம் என்று குறைத்துப் போட்டாலும் பத்தாயிரம் மணியை எட்டுகிறது. இருவரும் ஒரே நோயாளிக்கு ஒரே மருந்தை எழுதுகிறார்கள்.

முன்பு இந்தப் பள்ளத்தைச் செவிலியரின் பணி ஆண்டுகள் ஓரளவு நிரப்பின. நேரடி நுழைவு அந்த நிரப்பலையும் எடுத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் பயிற்சி மணி நேரங்களின் தரமும் சீரானதல்ல. படிக்கும் இடத்திலேயே பயிற்சி ஏற்பாடு செய்யும் கல்லூரிகள் உண்டு. பல இணையவழிப் படிப்புகளில், பயிற்சியை மேற்பார்வையிடும் பிரிசெப்டரைத் தேடும் பொறுப்பு மாணவர் தலையில் விழுகிறது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் கடிதம் எழுதி, கிடைக்காதபோது தரகு நிறுவனத்துக்குப் பணம் கட்டி ஆள் பிடிப்பவர்கள் உண்டு. கிடைத்த பிரிசெப்டர் சொல்லித்தருவாரா, மூலையில் உட்காரவைத்து மணியை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவாரா என்பது அதிர்ஷ்டம். 2024இல் புளூம்பெர்க் இதழ் நர்ஸ் பிராக்டிஷனர் கல்வி பற்றி நீண்ட புலனாய்வுத் தொடர் வெளியிட்டபோது இந்தக் குறைகள் பொதுவெளிக்கு வந்தன.

ஏமாற்றும் உண்டு. ஃபுளோரிடாவில் மூன்று செவிலியர் பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றதை 2023 ஜனவரியில் மத்திய அரசு அம்பலப்படுத்தியது. ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்று பெயரிட்ட அந்த நடவடிக்கை அடிப்படைச் செவிலியர் பட்டங்களைப் பற்றியது. அவசரமும் பணமும் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அது போதுமான சான்று. கல்லூரிக்கு சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம்

பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நர்ஸ் பிராக்டிஷனரை மருத்துவர் துணையின்றித் தனித்து இயங்க அனுமதிக்கின்றன. ஓரிகன், வாஷிங்டன், நியூ மெக்சிகோ போன்றவை இதில் முன்னோடிகள். நியூயார்க்கில் 3,600 மணி நேர அனுபவத்துக்குப் பிறகே முழு விடுதலை. கலிஃபோர்னியா 2020இல் இயற்றிய சட்டத்தின் மூலம் படிப்படியாகத் தளர்த்துகிறது. டெக்சஸில் மருத்துவருடன் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் மருந்து எழுத முடியாது.

இதை உரிமைப் போராட்டமாக மட்டும் பார்ப்பது வழக்கம். புதியவரின் கோணம் வேறு. அனுபவ நிபந்தனை இல்லாத சுதந்திர மாநிலத்தில் பட்டம் வாங்கிய மறுமாதமே தனியாகக் கடை விரிக்கச் சட்டம் தடையாக இல்லை. விரிக்கும் அளவுக்குக் கற்றிருக்கிறோமா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். ஒப்பந்த மாநிலத்திலும் நிலைமை உறுதியில்லை. மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, நோயாளியின் கோப்பை எட்டியும் பார்க்காமல் கையெழுத்திடும் மருத்துவர்கள் அங்கே உண்டு. காகிதத்தில் இருக்கும் மேற்பார்வை ஆளைக் காப்பாற்றாது.

பெருந்தொற்றுக் காலத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியல் மருந்துகளை நேரில் பார்க்காமல் காணொளியிலேயே எழுத அனுமதித்தபோது இதன் விளைவு தெரிந்தது. செரிப்ரல் என்ற இணையவழி மனநல நிறுவனம், கவனக்குறைவுக் கோளாறுக்கான ஊக்க மருந்துகளை அளவுமீறி எழுதத் தூண்டியதான புகாரில் 2022இல் விசாரணைக்கு உள்ளாகி, அந்தப் பட்டியல் மருந்துகளை எழுதுவதை நிறுத்தியது. 2024இல் 36 லட்சம் டாலருக்கும் மேல் கட்ட ஒப்புக்கொண்டது. இத்தகைய நிறுவனங்களில் மருந்து எழுதியவர்களில் கணிசமானோர் நர்ஸ் பிராக்டிஷனர்கள். கடனோடு வெளிவரும் புதியவருக்கு முதலில் கதவைத் திறப்பவையும் பெரும்பாலும் இத்தகைய இணையவழி வேலைகளே.

பணக் கணக்கு

தனியார் பல்கலைக்கழக நேரடி முதுகலையில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். அந்த மூன்றாண்டுகளில் வருமானமும் பெரிதாக இராது. விரைவு இளங்கலை முடித்துப் பதிவுச் செவிலியராகச் சம்பாதித்துக்கொண்டே முதுகலை படிப்பவர் ஓராண்டு பிந்தினாலும் பாதிக் கடனோடு கரை சேரலாம்.

2025இல் இயற்றிய சட்டம் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. 2026 ஜூலை முதல் முதுநிலை மாணவருக்கான கிராஜுவேட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு நிறுத்தப்படுகிறது. சாதாரண முதுநிலைப் படிப்புக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர் என்று வரம்பு. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டங்களுக்கு இரு மடங்கு உச்சம் உண்டு. அந்தப் பட்டியலின் வரைவில் செவிலியம் இடம்பெறாததைச் செவிலியர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. பற்றாக்குறைப் பகுதியில் இரண்டாண்டு பணியாற்றினால் கடனில் 50,000 டாலர் வரை அடைக்கும் தேசிய சுகாதாரச் சேவைப் படைத் திட்டம் இன்னும் கைகொடுக்கிறது.

மாற்றுப் பாதைகள்

இந்தப் பணியே வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பேச்சுச் சிகிச்சைதான் விருப்பமென்றால் கிளினிக்கல் சமூகப் பணியாளர் உரிமம் நேரான வழி. முதுகலைக்கு இரண்டாண்டு, பிறகு மேற்பார்வையில் பணி. மருந்து எழுத வேண்டும், ஆனால் செவிலியத்தின் வழியே போக மனமில்லை என்றால் பிசிஷியன் அசோசியேட் படிப்பு உண்டு. மருத்துவக் கல்லூரி மாதிரியில் இரண்டே கால் ஆண்டு அளவுக்கு நீளும் அதில் பொது மருத்துவப் பயிற்சி கூடுதல், மனநலம் குறைவு. உளவியல் முனைவர்களுக்கு மேற்பயிற்சியின் பின் மருந்து எழுதும் உரிமையை 2002இல் நியூ மெக்சிகோ தொடங்கி, லூசியானா, இல்லினாய், ஐயோவா, ஐடஹோ, கொலராடோ, யூட்டா என்று ஏழு மாநிலங்கள் தந்திருக்கின்றன. மருந்தும் பேச்சும் ஒரே கையில் வேண்டும், எட்டு ஆண்டுகள் இல்லை என்பவருக்குத்தான் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் பாதை பொருந்துகிறது.

அமெரிக்கத் தமிழர்களில் இக்கேள்வியைக் கேட்பவர்களில் எச்-4 விசாவில் வந்து, பொறியியல் பட்டத்தோடு வீட்டிலிருப்பவர்களும் உண்டு. அந்த விசாவில் படிக்கத் தடையில்லை. வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். இந்தியப் பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனம் வழியே ஏற்கச் செய்யலாம், ஆனால் உடற்கூறியல் முதலான பாடங்களைப் பல கல்லூரிகள் அமெரிக்காவிலேயே படிக்கச் சொல்கின்றன. நர்ஸ் பிராக்டிஷனர் பணி எச்-1பி விசாத் தகுதியைப் பொதுவாகப் பெறும். சாதாரணப் பதிவுச் செவிலியர் பணி பெரும்பாலும் பெறாது, ஆனால் நிரந்தர வசிப்புரிமைக்கான பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் அது இருக்கிறது. ஊர் திரும்பும் எண்ணமுள்ளவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்தியச் செவிலியர் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைக் கொண்டுவந்திருக்கிறது, அதற்கும் செவிலியர் பட்டம் வேண்டும். தனித்து மனநோய்க்கு மருந்து எழுதும் அமெரிக்கப் பணிக்கு இந்தியாவில் நிகரில்லை.

தொகுத்துப் பார்த்தால்

வெளித்துறையிலிருந்து வருவது குறையல்ல. அரை நூற்றாண்டு அனுபவமும் கிடைத்த ஆய்வுகளும் அதைக் குறையென்று காட்டவில்லை. செவிலியராக ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் உறுதியான சான்று இல்லை. குறை, மேற்பார்வையில் கற்கும் காலம் எல்லோருக்குமே போதாமல் இருப்பதில் இருக்கிறது. அனுபவமுள்ள செவிலியர் அந்தக் குறையைப் பழைய சேமிப்பைக் கொண்டு சமாளிக்கிறார். வெளியார் கையில் அந்தச் சேமிப்பு இல்லாததால் அவர் வழியாக அது வெளியே தெரிகிறது.

ஆகவே வேகத்தை வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. சுருக்கிய ஆண்டுகளைப் பட்டத்துக்கு முன்போ பின்போ எங்காவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்கும் இடங்கள் தெரிந்தவையே: படிக்கும்போது மனநல உதவியாளர் வேலை, பயிற்சியைத் தானே ஏற்பாடு செய்யும் கல்லூரி, விரைவு இளங்கலைக்குப் பின் ஓரிரு ஆண்டு மனநல வார்டு, பட்டத்துக்குப் பின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் உள்ளிட்ட இடங்களில் கிடைக்கும் ஓராண்டு மேற்பார்வைப் பணிப்பயிற்சியான ரெசிடென்சி. இவற்றில் ஒன்றைக்கூடச் சேர்க்காமல், இணையத்தில் படித்து, பணம் கட்டிப் பயிற்சி வாங்கி, முதல் வேலையையும் காணொளி நிறுவனத்தில் தொடங்குபவருக்கு அந்தக் கற்றலின் செலவை நோயாளிகள்தான் ஏற்கிறார்கள்.

சேர்க்கை அலுவலகத்தில் கேட்க வேண்டியது, “எத்தனை மாதத்தில் முடியும்?” என்பதல்ல, “எனக்கு பிரிசெப்டரை யார் பிடித்துத் தருவார்கள், அவர் யார்?” என்பது. முதல் வேலையின் நேர்காணலில் சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டியது, “நோயாளி எதிரில் இருக்கும்போது சந்தேகம் வந்தால் நான் யாரைக் கூப்பிடுவது?” என்பது. இரண்டு கேள்விக்கும் பதிலாக ஓர் ஆளின் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் சேரக் கூடாது.